சுல்மாவுக்குச் சிக்காத வினைச்சொல்

சுல்மா எச்செவெரியைக் கோபக்காரி என்று அந்தக் குளிர்காலம் வரைக்கும் யாரும் சொன்னது கிடையாது. மொந்தேவிதேயோ நகரில் லா உனியோன் பகுதியில் இருக்கும் அரசுப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். வகுப்பில் குரல் உயர்த்த மாட்டாள். அவளுடைய அப்பா பெனியரோலில், இங்கிலீஷ்காரர்கள் விட்டுப்போன ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். அதனால் சுல்மா அந்த மொழியில் முதலில் கற்றுக்கொண்டது கெட்ட வார்த்தைகளைத்தான். இலக்கணம் பின்னால் வந்தது. இங்கிலாந்தை அவள் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று பெரிய ஆசையும் இல்லை.

அவளுடைய பள்ளித்தோழன் வாஷிங்டன் பிந்தோஸ் பகலில் தண்ணீர் வரி ஆபீஸில் குமாஸ்தா. மற்ற நேரத்தில் நாடக இயக்குநர். கோர்தோன் பகுதியில் மூடிக்கிடந்த மெத்தைப் பட்டறை ஒன்றைப் பிடித்து, உள்ளே நாற்காலிகள் போட்டு, வாசலில் தியேட்டர் என்று போர்டு மாட்டியிருந்தான். ஈரக்காற்று அடித்தால் இன்னும் அங்கே பஞ்சு வாடை வரும். மொந்தேவிதேயோவில் இப்படிப் பத்திருபது தியேட்டர்கள் உண்டு. நடிக்கிறவர்களும் பார்க்கிறவர்களும் மாறி மாறி அதே ஆட்கள்தான்.

அங்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில் ஒரு மழை நாள் அவன் வீட்டுக்கு வந்தான். மழை என்பதால் சுல்மா ஊர் வழக்கப்படி மாவு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்கச் சொல்லி ஓர் இங்கிலீஷ் நாடகத்தின் நகல் தாள்களைக் கட்டாக மேஜைமேல் போட்டான்.

"நாப்பது பக்கம்தான் சுல்மா. அதுலயும் பேச்சே கிடையாது. இங்கிலீஷ்காரங்க வாயத் தொறக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா? ஒரு வாரத்துல முடிச்சிருவ."

"பேச்சு இல்லாம நாப்பது பக்கத்துக்கு என்ன எழுதியிருக்கான்?"

"அடைப்புக்குறிதான். யாரு எங்க நிக்கறா, எப்படி உக்கார்றா. அதெல்லாம் ஒரு விஷயமா? இந்த ரொட்டி ஒண்ணு எடுத்துக்கறேன்."

ஒன்று என்று சொல்லி நாலு தின்றுவிட்டுப் போனான்.

நாடகத்தின் பெயர் 'தாழ்வாசல்'. வட இங்கிலாந்தில் நிலக்கரி ஊர் ஒன்றில் நடக்கிற கதை. கிழவர் ஒருவர், அவருடைய இரண்டு மகன்கள், பல வருஷத்துக்கு முன்னால் அவரே வீட்டைவிட்டுத் துரத்திய ஒரு மகள். வீட்டு வாசல்நிலை ரொம்பத் தாழ்வு. மகள் கடைசிக் காட்சியில் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான். "டீ இருக்கா?" "இருக்கு" என்கிற மாதிரிப் பேச்சு. சுல்மா வசனங்களை நாலே நாளில் முடித்துவிட்டாள். பிறகு அடைப்புக்குறிகளுக்கு வந்தாள்.

அங்கேதான் சனி பிடித்தது. அந்த இங்கிலீஷ்காரன் மனுஷர்களின் மனசை முழுக்க முதுகில் எழுதி வைத்திருந்தான். மூத்த மகன் உள்ளே வரும்போது 'ஸ்லவுச்' பண்ணுகிறான்: உடம்பில் ஒரு பிடிப்பும் இல்லாமல், எவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று தொங்கிக்கொண்டு வருகிறான். இளையவன் 'ஹன்ச்' பண்ணுகிறான்: அடி விழப்போகிறது என்று காத்திருக்கிறவன்போலத் தோளைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்கிறான். அவனே பிறகு அடுப்போரம் 'கிரவுச்' பண்ணுகிறான்: கால் மடக்கிப் பதுங்கி, எந்த நிமிஷமும் பாயத் தயாராக. கிழவருக்கு 'ஸ்டூப்': வயசும் சுரங்கமும் சேர்ந்து வளைத்துப்போட்ட முதுகு. ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது ஒருவர் எப்படியாவது வளைந்துகொண்டிருந்தார்.

சுல்மா அகராதியைத் திறந்தாள். முதல் வார்த்தைக்கு 'என்கோர்வாதோ' என்று போட்டிருந்தது. கூன் விழுந்தவன். இரண்டாவதற்கும் என்கோர்வாதோ. மூன்றாவதற்கு அடியில் இரண்டு வேறு வார்த்தை, மூன்றாவதாக மறுபடியும் அதே என்கோர்வாதோ. அகராதி எழுதினவர் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருப்பார் என்று நினைத்து, பள்ளி நூலகத்திலிருந்து பெரிய அகராதியைத் தூக்கி வந்தாள். அதில் அதையே கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நடிகர்களுக்கு இடம் பார்த்துப் புரியாதா என்ன என்று அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

முதல் ஒத்திகைக்குச் சனிக்கிழமை மதியம் போய் உட்கார்ந்தாள். மூத்த மகனாக நடித்த எபெர் நல்ல உயரமான பையன், பகலில் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். அவன் முதுகைக் கூனலாக்கிக்கொண்டு ஒரு காலையும் இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தான். இளைய மகன் அவனைவிடக் கொஞ்சம் சின்னக் கூனோடு வந்தான். கடைசியாகக் கிழவராக நடிக்கும் ரூபென் ஒலஸ்கோவாகா. கம்பெனியில் மூத்த நடிகர். தன் கூன்தான் பெரிசாக இருக்கவேண்டும் என்று ஸ்வெட்டருக்குள் ஒரு தலையணையைச் சொருகியிருந்தார்.

சுல்மா எழுந்துவிட்டாள். "வாஷிங்டன், நிறுத்து. என்ன இது, மூணு ஒட்டகம் வீட்டுக்குள்ள வருது?"

"நீ எழுதினதைத்தான் பண்றோம்."

"அந்தப் பையனுக்குக் கூனு கிடையாது! அவன் சோம்பேறி, அவ்வளவுதான்!"

"சோம்பேறின்னு எழுதியிருக்கலாம்ல?"

"சோம்பேறின்னு அவனும் எழுதல. அவன் நிக்கற விதத்தைப் பாத்து நாமளா தெரிஞ்சிக்கணும்."

"டீச்சர்," என்றான் எபெர் மேடையிலிருந்து, இன்னும் வளைந்தபடியே, "அப்ப நான் காலை இழுக்க வேண்டாமா? ரெண்டு நாளா வீட்ல பழகிக்கிட்டு இருக்கேன். எங்கம்மா அழுதுட்டாங்க."

சுல்மா தாள்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் ஆட்களை முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். முதுகைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் யார் எப்படி நிற்கிறார்கள், மீன்கடையில் யார் எப்படிக் குனிகிறார்கள், இதே வேலை. ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியாரைப் பார்த்து, "நீங்க இப்ப உக்காந்திருக்கற மாதிரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் அன்றைக்கு முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய புருஷன் நெல்சன் பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றாமல், நாற்காலியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சரிந்தான். சுல்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தவள் கத்தினாள்.

"அசையாத!"

"என்ன, கரப்பானா?"

"இல்ல. அப்படியே இரு. இப்ப நீ பண்றதுக்கு என்ன பேரு?"

"ஓய்வுன்னு பேரு."

"ஒடம்ப எப்படி வச்சிருக்க, அதுக்கு ஒரு வார்த்தை வேணும்."

"ஏ கிழவி, காலைலருந்து நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சிருக்கேன். இதுக்குப் பேரு வைக்கணும்னா யூனியன்ல போய்க் கேளு. மாத்தே போட்டியா இல்லையா?"

அவள் மாத்தே இலைத் தேநீர் போடவில்லை. இவன் ஸ்லவுச் பண்ணுகிறான், கண்ணெதிரே பண்ணுகிறான், இதைச் சொல்ல நூறு கோடி பேர் பேசுகிற என் மொழியில் ஒரு வார்த்தை இல்லையா என்று அடுப்படியிலேயே நின்று புகைந்தாள். கணக்கு தப்பு, அவ்வளவு பேர் பேசவில்லை. கோபத்தில் யார் எண்ணினார்கள்.

இரண்டாவது தடவை, ஒற்றை வார்த்தை வேண்டாம், விளக்கிவிடுவோம் என்று முடிவெடுத்தாள். 'எலும்பில்லாதவன்போல், தோள் தொங்க, இடுப்பு முன்னால் தள்ள, எதிலும் அக்கறையின்றி நுழைகிறான்' என்று எழுதினாள். எபெர் அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் படித்து நடந்தான். முதலில் தோளைத் தொங்கவிட்டான். பிறகு இடுப்பைத் தள்ளினான். எலும்பில்லாமல் இருப்பது எப்படி என்று யோசித்ததில் கதவருகிலேயே நின்றுவிட்டான். பார்க்க, குடித்துவிட்டுத் தாங்கோ நடனம் ஆட வந்தவன் மாதிரி இருந்தது.

கிழவருக்கு, பாரத்தால் தளர்ந்த என்று பொருள் வரும் ஒரு சொல்லைப் போட்டிருந்தாள். அதற்கு வளைந்த முதுகு என்றும் பொருள் உண்டு, கவலையில் மூழ்கியவன் என்றும் உண்டு. ரூபென் கவலையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் கைவைத்து, காட்சி முழுக்கப் பெருமூச்சு விட்டார். முதுகு மட்டும் ராணுவக்காரன் மாதிரி நேராக இருந்தது.

"ரூபென், நான் சொன்னது முதுகு," என்றாள் சுல்மா.

"முதுகு உள்ளேருந்துதான் வளையணும் மகளே. நான் நாப்பது வருஷமா நடிக்கறேன்."

"உள்ளேருந்து வளையட்டும், வெளிய எப்ப வந்து சேரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரூபென் சிரிக்கவில்லை. போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டார். வாஷிங்டன் அவரைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிவரவே ஒரு பானை மாத்தே தீர்ந்தது.

பிறகு அவன் சுல்மாவைத் தனியாக ஓரங்கட்டினான். "இது நாடகம் சுல்மா, டாக்டர் ரிப்போர்ட் இல்ல. நீ வாரா வாரம் புதுத் தாள் கொண்டுவர்ற. நகல் கடைக்காரன் என்னப் பாத்தாலே சிரிக்கறான். ஏதாவது ஒண்ணு போடு. நாங்க பாத்துக்கறோம்."

"ஏதாவது ஒண்ணு போட்டுத்தான் மூணு ஒட்டகம் வந்துச்சு."

"ஒட்டகம் நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் பதில்தான் அவளை மேடைக்கு ஏற்றியது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். ஐம்பத்து மூணு வயசு, கனமான உடம்பு. படியில் ஏறி நடுவில் நின்று, "எல்லாரும் பாருங்க, ஒரு தடவைதான் பண்ணுவேன்" என்றாள். கதவு வழியாக வந்து நெல்சன் நாற்காலியில் சரிகிற மாதிரி சரிந்தாள். "இது ஸ்லவுச்." கூட்டம் கைதட்டியது. தோளை ஏற்றிக்கொண்டு, மார்க் குறைந்த பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் நிற்கிற மாதிரி ஒடுங்கினாள். "இது ஹன்ச்." அடுப்பு இருக்கும் இடத்தில் முட்டியை மடக்கிப் பதுங்கினாள். "இது கிரவுச். எபெர், சிரிக்காத, பாரு." எல்லோரும் இப்போது சிரிப்பை நிறுத்தி நிஜமாகவே பார்த்தார்கள். ரூபென்கூட முன்வரிசைக்கு வந்துவிட்டார். சுல்மாவுக்கு அந்த இரண்டு மாசத்தில் முதல் தடவையாக மனசு லேசானது. "இப்ப ஸ்டூப்," என்று எழுந்து, முதுகை வளைத்தாள்.

இடுப்பில் ஏதோ சொடுக்கென்றது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிரமாதம்!" என்றார் ரூபென். "அந்த மூச்சைப் பாருங்க. வாயைப் பாருங்க."

"டீச்சர், கை எங்க இருக்கணும்? முட்டி மேலயா?" எபெர் மேடைக்கே வந்து அவள் பக்கத்தில் நின்று அதேமாதிரி வளைந்தான். இளைய மகனும் வந்து வளைந்தான்.

"நிமிர முடியலடா," என்றாள் சுல்மா.

"இது ஸ்டூப்பா ஹன்ச்சா டீச்சர்? ரெண்டும் கலந்த மாதிரி இருக்கே."

"முதுகு பிடிச்சிருச்சுடா மடையா! யாராவது டாக்ஸி கூப்புடுங்க!"

டாக்ஸியில் அவளை உட்கார வைக்க முடியவில்லை. பின் சீட்டில் பக்கவாட்டில் போட்டு, எபெர் தலையைப் பிடித்துக்கொண்டு போனான். டாக்டர் ஊசி போட்டு, மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக்கூடாது என்றார். "என்ன தூக்கினீங்க?" என்று கேட்டார். "ஒரு வினைச்சொல்லத் தூக்கினா டாக்டர்," என்றான் நெல்சன்.

படுக்கையில் கிடந்தபோதுதான் கடைசிக் காட்சிக்கு வந்தாள். அதுவரை அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். மகள் திரும்பி வருகிறாள். கிழவர் உள்ளே அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பார்க்கவில்லை. மகள் வாசலில் நிற்கிறாள். பிறகு அடைப்புக்குறிக்குள் இரண்டே வார்த்தை, அவள் ஸ்டூப் செய்கிறாள் என்று. உள்ளே வந்துவிடுகிறாள். விளக்கு அணைகிறது.

மகளாக நடித்தவள் ஐரிஸ் பெந்தன்கூர். சின்ன உருவம், பெரிய கண், மருந்துக்கடையில் வேலை. கேக் கடைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு சுல்மாவைப் பார்க்க வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், என் கடைசி வரி இன்னும் காலியா இருக்கு. வாஷிங்டன் அங்க 'குனிகிறாள்'னு பென்சில்ல எழுதிக் குடுத்திருக்கார். அதுதானா?"

"அதுதான். அது இல்ல."

"டீச்சர்..."

"கேளு. 'சே அகாச்சா'ன்னு போட்டா குனிஞ்சா. எதுலயும் முட்டிக்காம இருக்கக் குனியறது. நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு நழுவிப்போற குள்ளநரித்தனம்னும் ஒரு வாசனை உண்டு. இவ நழுவ வரல. 'சே இங்க்ளினா'ன்னு போட்டேன்னு வையி, ராஜா முன்னாடி தலை வணங்கற மாதிரி ஆயிரும். ரூபெனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். 'சே ரெபாஹா'ன்னா தன்னைத் தாழ்த்திக்கிட்டா."

"கடைல தள்ளுபடிக்கு எழுதிப் போடற வார்த்தை மாதிரி இருக்கு."

"அதேதான் வாஷிங்டனும் சொன்னான். ஐரிஸ், அந்த இங்கிலீஷ் வார்த்தைல குனியறதும் இருக்கு, தன்னைத் தாழ்த்திக்கறதும் இருக்கு. வாசல் தாழ்வா இருக்கு, யாரு வந்தாலும் குனிஞ்சுதான் ஆகணும். அதனால அப்பன், 'என் மகள் என் முன்னாடி தலை குனிஞ்சா'ன்னு நெனச்சுக்கலாம். இவ, 'நான் வாசலுக்குத்தான் குனிஞ்சேன்'னு நெனச்சுக்கலாம். ரெண்டு பேருக்கும் மானம் போகல. அதனாலதான் அவளால உள்ள வர முடியுது. நம்ம வார்த்தைல எதப் போட்டாலும் ரெண்டுல ஒருத்தருக்குப் போயிருது."

ஐரிஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கேக்கைக் கையில் எடுத்தவள் தின்ன மறந்துவிட்டாள். "எங்கப்பா கல்யாணத்துக்கு வரல," என்றாள். "வீட்டுக்குப் போறப்ப கதவை அவரா தொறக்க மாட்டார். தாழ்ப்பாள் மட்டும் போடாம வச்சிருப்பார். நானாத் தள்ளிக்கிட்டுப் போகணும்."

"அதுதான் இது. அதே மாதிரிதான்."

"அதுக்கு என்ன வார்த்தை டீச்சர்?"

"தெரியலையே மகளே," என்று சுல்மா அழுதுவிட்டாள். முதுகு வலி ஒரு காரணம். கையில் இருப்பதை எடுத்துக்கொடுக்க முடியாத கோபம் இன்னொன்று.

கடைசியில் 'சே அகாச்சா' என்றே வைத்தாள். வார்த்தை பாதியைச் சொல்லட்டும், மீதியை வாசல் சொல்லிவிடும் என்று கணக்குப் போட்டாள். வாசல் தாழ்வாக இருந்தால் போதும். குனிவதற்கு ஒரு காரணம் மேடையிலேயே நிற்கும்போது, அவள் ஏன் குனிந்தாள் என்பதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. யோசிக்க யோசிக்க அது அவளுக்கு நல்ல முடிவாகத்தான் பட்டது. அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள் என்று நெல்சன் எல்லோரிடமும் சொன்னான்.

ஆகஸ்டில் நாடகம் அரங்கேறியது. இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, நெல்சன் கையைப் பிடித்துக்கொண்டு சுல்மா மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். எபெர் ஸ்லவுச் பண்ணினான், அழகாகப் பண்ணினான். இளையவன் அடுப்போரம் பதுங்கினான். ரூபென் மேடைக்கு வந்ததும் நெல்சன் அவள் விலாவில் இடித்தான். கிழவர் கை முட்டிமேல், வாய் ஒருபக்கம் கோணி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டபடி வந்தார். அது சுரங்கத் தொழிலாளியின் முதுகு இல்லை, டாக்ஸிக்குக் காத்திருந்த சுல்மாவின் முதுகு. வலியை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். சனங்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"உன்னத்தான் பண்றான் கிழவி," என்றான் நெல்சன்.

"வாய மூடு."

வாசல்நிலை தாழ்வாகத்தான் இருந்தது. ரூபெனும் எபெரும் குனிந்துதான் வந்தார்கள், போனார்கள். கடைசிக் காட்சி வந்தது. ஐரிஸ் வாசலில் வந்து நின்றாள்.

அவள் தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

ரூபென் உயரத்துக்குத்தான் தச்சன் அளவெடுத்திருக்கிறான். ஐரிஸ் குள்ளம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. சுல்மாவுக்கும் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்தவள் கட்டிலில் அல்லவா உட்கார்ந்திருந்தாள். ஐரிஸ் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு, தேவையே இல்லாமல், தாளில் எழுதியிருந்தபடி குனிந்தாள். அது ஒரு கும்பிடாக இருந்தது, மன்னிப்புக் கேட்பதாக இருந்தது. அப்பன் ஜெயித்துவிட்டான். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"குனிய வேண்டிய அவசியமே இல்லையே!" என்று சுல்மா கைதட்டலுக்கு நடுவே கத்தினாள். பக்கத்தில் இருந்த அவள் பள்ளியின் பூகோள டீச்சர், "ஆமாம் சுல்மா, அதனாலதான் அழுகையே வந்துச்சு" என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வாஷிங்டனைப் பிடித்தாள். நிலையை ஒரு சாணுக்கு மேல் இறக்கு என்றாள். வாஷிங்டன் ரூபெனைக் கேட்டான். "அப்ப நான் தவழ்ந்து வரவா?" என்றார் ரூபென். ஐரிஸ் உயரக் குதிகால் செருப்பு போட்டுப் பார்த்தாள். பலகை மேடையில் அது குதிரை வருகிற மாதிரிச் சத்தம் போட்டது. "சனம் அழுது," என்றான் வாஷிங்டன். "அழற நாடகத்தை யாரும் ரிப்பேர் பண்ண மாட்டாங்க. வீட்டுக்குப் போய் முதுகப் பாரு."

அடுத்த வாரம் பேப்பரில் விமர்சனம் வந்தது. ரூபெனின் உடல்மொழிக்கு ஒரு முழுப் பத்தி. மகளின் கடைசி வணக்கத்துக்கு ஒரு பத்தி. கடைசியில் ஒரு வரி: மொழிபெயர்ப்பு பிழையற்றது.

சுல்மா அதைப் படித்துவிட்டு எழுந்து போய் டெலிபோனை எடுத்தாள். நெல்சன் வேண்டாம் என்று கையால் சைகை காட்டினான். அவள் பார்க்கவில்லை. பேப்பர் ஆபீஸில் மூன்று பேர் மாறி மாறிப் பேசி, கடைசியில் விமர்சனம் எழுதின இரசாபல் என்பவரே வந்தார்.

"நான் அந்த நாடகத்தை மொழிபெயர்த்தவ. நீங்க பிழையில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம் அம்மா. நன்றி சொல்லவா கூப்பிட்டீங்க?"

"பிழை இருக்கு. கடைசிக் காட்சில இருக்கு. அந்தப் பொண்ணு வணங்கல."

"நான் பாத்தேனே அம்மா, வணங்கினாங்களே."

"வணங்கினா. ஆனா வணங்கல. மூலத்துல பாதிதான் வணங்கறா."

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அம்மா, நீங்க சரியாப் பண்ணலைன்னு நான் பேப்பர்ல போடணுமா?"

"பாதி சரின்னு போடுங்க."

"நீங்க நிஜமாவே மொழிபெயர்த்தவங்கதானா? இல்ல வேற கம்பெனி ஆளா? என்ன விளையாட்டு இது?" என்று அவர் போனை வைத்துவிட்டார். சுல்மா திரும்ப எண்ணைச் சுழற்றினாள். எடுக்கவில்லை.

நாடகம் செப்டம்பர் கடைசிவரை ஓடியது. மெத்தைப் பட்டறையில் எந்த நாடகமும் அவ்வளவு நாள் ஓடியதில்லை. சுல்மா ஞாயிறுதோறும் போவாள். ஆனால் மகள் வரும் காட்சிக்கு முன்னால் எழுந்து வெளியே வந்து, டிக்கெட் மேஜைப் பக்கத்தில் நெல்சனோடு மாத்தே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டால் முகம் இறுகும். பள்ளிக்கூடத்திலும் அந்த மாசங்களில் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, உள்ளே அழுகைச் சத்தம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நீளமாக ஒரு அமைதி, பிறகு யாரோ இருமினார்கள், பிறகு தயங்கித் தயங்கிக் கைதட்டல். ஐரிஸ் மேக்கப்பைக் கலைக்காமல் பக்கக் கதவு வழியாக ஓடிவந்தாள்.

"டீச்சர், நான் இன்னைக்குக் குனியவே இல்ல. அப்படியே நிமிந்து உள்ள போயிட்டேன்."

சுல்மா மாத்தேக் குடுவையைக் கீழே வைத்தாள். "ரூபென் என்ன பண்ணாரு?"

"அவரு நான் குனிஞ்சதும் வர்ற அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தாரு போல. கேக்கல. திரும்பிப் பாத்தாரு. திரும்பவே கூடாதுல்ல? பாத்துட்டாரு. அப்புறம் ரெண்டு பேருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. விளக்கு போடறவன் ரொம்பநேரம் கழிச்சுத்தான் அணைச்சான்."

அவள் முகம் சிவந்திருந்தது. சரியா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சுல்மாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பன் திரும்பிப் பார்த்தான் என்பதை மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் அந்த இங்கிலீஷ்காரன் எழுதினது அதுவும் இல்லை.

"அதுவும் இல்ல மகளே," என்றாள்.

"தெரியும் டீச்சர். ஆனா இன்னொரு தடவை அந்த மாதிரி குனிய முடியல."

வாஷிங்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "யார் சொன்னா உன்ன அப்படிப் போகச் சொல்லி? ஆறு வாரமா அழுத சனம் இன்னைக்கு மரம் மாதிரி உக்காந்திருக்கு! தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"தாள்ல தப்பா எழுதியிருக்கு," என்றாள் சுல்மா. "நான்தான் எழுதினேன்."

"அப்ப சரியானது என்ன, சொல்லு! இப்பச் சொல்லு, அடுத்த வாரமே மாத்திப் போட்றேன்!"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு நெல்சனிடம் தன் கோட்டை எடுத்துத் தரச் சொன்னாள்.